மலையேற்றும் முன் ஒரு சோதனை



பரிசளிப்பு விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தரும்படி தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார். எதை எழுதலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் வகுப்பில் கணிதச் சோதனைத் தாள்களைத் திருத்திக் கொடுத்தேன். நான்காம் ஆண்டுப் பையன் ஒருவன் தன் தாளை வாங்கியதும் நான்காக மடித்தான், பிறகு எட்டாக மடித்தான், குனிந்து காலுறைக்குள் செருகிக்கொண்டான்.

"ஏன்டா கண்ணா, அதை ஏன் அங்கே வைக்கிறே?" என்று கேட்டேன்.

"அப்பா பார்த்தா அடிப்பாரு டீச்சர்" என்றான்.

அன்று முழுவதும் அந்தச் சொல் என் காதிலேயே நின்றது. சோதனை என்றால் நம்மவர்களுக்கு இரண்டே பொருள்தான். ஒன்று பள்ளிக்கூடத்துச் சோதனை, இன்னொன்று கஷ்டம். "சாமி நம்மைச் சோதிக்குது" என்றுதானே சொல்கிறோம்? இரண்டுக்கும் பயப்படுகிறோம். ஆனால் உலகத்தில் சோதனையை விரும்பித் தேடிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். வானத்து நட்சத்திரங்களைப் பார்க்கக் கருவி செய்கிறவர்கள் அவர்கள். பெரிய கண்ணாடியோ, பெரிய கேமராவோ, எதுவானாலும் மலையடிவாரத்திலேயே அதை நூறு விதமாகச் சோதித்துப் பார்க்காமல் மலைமேல் ஏற்ற மாட்டார்கள். அவர்களுடைய வரலாற்றைத்தான் இங்கே உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அதில் நம் தமிழ் மண்ணுக்கும் பெரிய பங்கு உண்டு.

நுங்கம்பாக்கத்திலிருந்து கொடைக்கானலுக்கு

சென்னையில் 1786ஆம் ஆண்டு வில்லியம் பெட்ரி என்ற ஆங்கிலேயர் தம் சொந்தச் செலவில் ஒரு வானாய்வுக்கூடம் அமைத்தார். பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனி அதை ஏற்றுக்கொண்டது. 1792இல் நுங்கம்பாக்கத்தில் அதற்குத் தனிக் கட்டடம் எழுந்தது. கருவியைத் தாங்குவதற்காக அங்கே நட்ட கருங்கல் தூணில் தமிழிலும் எழுத்து வெட்டினார்கள். ஆயிரம் ஆண்டு கழித்து வருகிறவர்களும் இதை அறிய வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அந்த ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரி என்பவர் 1867இல் ஒளி கூடிக் குறையும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார்.

பிறகு 1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் பெரும் பஞ்சம் வாட்டியது. நம் பாட்டன் பூட்டன்மார் பலர் ஊரைவிட்டுக் கப்பலேறியதற்குப் பஞ்சமும் வறுமையும் காரணம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதே பஞ்சம் வேறொரு காரியத்தையும் செய்தது. மழை பொய்ப்பதற்கும் சூரியனில் நிகழும் மாற்றங்களுக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய வேண்டும் என்ற எண்ணம் அதற்குப் பின் வலுத்தது. சூரியனைப் பார்ப்பதற்கென்று ஒரு கூடம் வேண்டும். அதை எங்கே வைப்பது? மிச்சி ஸ்மித் என்பவர் பழனி மலையிலும் நீலகிரியிலும் இடம் பார்த்து, கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். 1899இல் அந்த ஆய்வுக்கூடம் தொடங்கியது.

கவனியுங்கள், கருவி வருவதற்கு முன்பே இடத்துக்குச் சோதனை நடந்துவிட்டது. இந்த மலையில் எத்தனை நாள் வானம் தெளிவாக இருக்கிறது, காற்று எப்படி, மேகம் எப்போது ஏறுகிறது என்றெல்லாம் பார்த்த பிறகுதான் கல் நட்டார்கள். அந்தக் கொடைக்கானலிலேயே 1909இல் ஜான் எவர்ஷெட் என்பவர், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். உலகம் முழுவதும் இன்றும் அதை அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். நூறாண்டுக்கும் மேலாக எடுத்த சூரியப் படங்கள் அங்கே சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன.

காவலூர்க் காட்டில் ஒரு கண்

சூரியனைப் பார்க்கக் கொடைக்கானல் நல்ல இடம். இரவு நட்சத்திரங்களுக்கோ இன்னும் இருட்டான, மேகம் குறைந்த இடம் தேவைப்பட்டது. கோலா தெர்லாவில் இருக்கும் நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பூத்தோட்டங்களில் இரவெல்லாம் விளக்கு எரிகிறது; அந்த வெளிச்சம் மூடுபனியில் பட்டு வானமே வெளுத்துப் போகிறது. அப்படிப்பட்ட இடத்தில் எவ்வளவு பெரிய கருவியை வைத்தாலும் பயனில்லை.

1960இல் கொடைக்கானலுக்கு இயக்குநராக வந்தவர் வைணு பாப்பு. 1927இல் சென்னையில் பிறந்தவர்; அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்து, மாணவராக இருக்கும்போதே ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர். அவர் இடம் தேடி அலைந்து கடைசியில் கண்டெடுத்தது ஜவ்வாது மலையில் உள்ள காவலூர். வாணியம்பாடிக்கு அருகே, கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில், காட்டுக்கு நடுவே இருக்கும் சிற்றூர் அது.

1968இல் அங்கே முதலில் வைத்தது வெறும் 38 சென்டிமீட்டர்த் தொலைநோக்கிதான். அதையும் தம் பட்டறையிலேயே செய்துகொண்டார்கள். சிறியதை வைத்து வானம் எப்படி என்று பார்த்துக்கொண்டு, 1972இல்தான் ஜெர்மனியிலிருந்து வாங்கிய ஒரு மீட்டர்த் தொலைநோக்கியை ஏற்றினார்கள். ஐந்தே ஆண்டில் அது பெயர் வாங்கிக் கொடுத்தது. 1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைத்தது. அதற்குச் சற்று முன்னும் பின்னும் அந்த நட்சத்திரம் கண் சிமிட்டியது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது அதனால் தெரிந்தது. அதைப் பார்த்த குழுக்களுள் காவலூரும் ஒன்று.

வைணு பாப்புவின் கனவோ இன்னும் பெரியது. 2.34 மீட்டர்க் கண்ணாடியுடைய ஒரு தொலைநோக்கியை நம்மவர்களே வடிவமைத்து, நம்மவர்களே கட்ட வேண்டும் என்று அவர் விரும்பினார். கண்ணாடி வட்டு மட்டும் ஜெர்மனியிலிருந்து வந்தது. அதைத் தேய்த்து வடிவமாக்கி மெருகேற்றும் வேலை பெங்களூரில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் கூடத்தில் நடந்தது. ஏ.பி. ஜெயராஜன் என்ற நிபுணர் அதற்குத் தலைமை தாங்கினார். இரும்புச் சட்டகத்தை மகாராஷ்டிர மாநிலத்து வால்சந்த்நகர்த் தொழிற்சாலை செய்தது.

கண்ணாடிக்கு எப்படிச் சோதனை?

மாணவர்களே, இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

தொலைநோக்கிக் கண்ணாடி நம் வீட்டு முகக்கண்ணாடி போன்றதல்ல. நடுவில் மெல்லக் குழிந்திருக்கும். அந்தக் குழிவு ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குகூடத் தவறக் கூடாது. கண்ணால் பார்த்தாலும் தெரியாது. விரலால் தடவினாலும் தெரியாது. பின் எப்படித் தெரிந்துகொள்வது?

1858இல் பிரெஞ்சு நாட்டு லியோன் ஃபூக்கோ ஒரு வழி கண்டுபிடித்தார். செலவில்லாத வழி அது. ஓர் ஊசித்துளை வழியாக விளக்கு வெளிச்சத்தைக் கண்ணாடிமேல் விடுங்கள். அது திரும்பி வந்து ஒரு புள்ளியில் கூடும். அந்தப் புள்ளியில் ஒரு கத்தி முனையை மெல்லக் குறுக்கே நகர்த்துங்கள். கண்ணாடி வேண்டிய வடிவத்தில் இருந்தால் நிழல் எதிர்பார்த்தபடி சீராகப் படரும். எங்காவது துளி மேடோ பள்ளமோ இருந்தால், மாலை வெயிலில் தேயிலை மலையைப் பார்ப்பதுபோல, மேடு ஒரு பக்கம் வெளிச்சமாகவும் மறுபக்கம் நிழலாகவும் எழுந்து தெரியும். கைக்குத் தட்டுப்படாத குற்றம் கண்ணுக்கு மலைபோல் தெரியும்!

கண்ணாடித் தொழிலின் பெரும்பகுதி இந்தச் சோதனைதான். கொஞ்சம் தேய்ப்பார்கள். தேய்த்த சூட்டில் கண்ணாடி விரிந்திருக்கும், ஆகையால் ஆறும்வரை காத்திருப்பார்கள். சோதிப்பார்கள். எங்கே மேடு என்று குறித்துக்கொண்டு அங்கே மட்டும் மறுபடி தேய்ப்பார்கள். அவசரப்பட்டு ஓரிடத்தில் அதிகம் தேய்த்துவிட்டால் போனது போனதுதான், திரும்ப ஒட்ட முடியாது. மற்ற இடத்தையெல்லாம் அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும். இப்படி ஆண்டுக்கணக்கில் வேலை நடந்தது.

வைணு பாப்பு அதன் முடிவைப் பார்க்கவில்லை. 1982 ஆகஸ்டு 19ஆம் நாள் ஜெர்மனியில் மியூனிக் நகரில் காலமானார். அவருக்குப் பின் வந்த ஜே.சி. பட்டாச்சாரியா காரியத்தை முடித்து வைத்தார். 1986 ஜனவரி 6ஆம் நாள் பிரதமர் ராஜீவ் காந்தி அந்த ஆய்வுக்கூடத்துக்கும் தொலைநோக்கிக்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். 1988 பிப்ரவரி 17ஆம் நாள் அதே காவலூரில் இன்னொரு தொலைநோக்கியில் எடுத்த படத்திலிருந்து இராஜமோகன் என்ற விஞ்ஞானி ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்குக் கணித மேதை இராமானுஜன் பெயர் வைத்தார்கள்.

காதில் வாங்காத சோதனை

இனி, சோதனை செய்தும் அது சொன்னதைக் கேட்காமல் விட்ட கதையைச் சொல்கிறேன்.

1990 ஏப்ரல் 24ஆம் நாள் அமெரிக்கா ஹப்பிள் தொலைநோக்கியை விண்ணில் ஏவியது. அதன் கண்ணாடி 2.4 மீட்டர், ஏறக்குறைய நம் காவலூர்க் கண்ணாடி அளவுதான். ஏவிய பிறகு வந்த படங்களைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். நட்சத்திரங்கள் மங்கலாக, சுற்றிலும் புகை படிந்தாற்போல் தெரிந்தன. விசாரித்தபோது, கண்ணாடியின் ஓரம் தலைமுடியில் ஐம்பதில் ஒரு பங்கு அளவு தட்டையாகிப் போனது தெரிந்தது.

ஏன் அப்படி ஆயிற்று? சோதிக்கும் கருவியிலேயே ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் இடம் மாறி மாட்டப்பட்டிருந்தது. கோணலான அளவுகோலை வைத்துக்கொண்டு நேராக வெட்டியிருக்கிறார்கள்! இதைவிடத் துயரம் ஒன்று உண்டு. வேறு இரண்டு எளிய கருவிகளும் அப்போதே "இங்கே குற்றம் இருக்கிறது" என்று காட்டின. பெரிய கருவி சொல்வதுதான் சரி என்று நினைத்து, சிறிய கருவிகளின் பேச்சை ஒதுக்கிவிட்டார்கள்.

1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் மேலே போய், பார்வை திருத்தும் கருவிகளைப் பொருத்தினார்கள். சுருக்கமாகச் சொன்னால் ஹப்பிளுக்குக் கண்ணாடி போட்டுவிட்டு வந்தார்கள். அதன் பிறகு ஹப்பிள் எடுத்த அழகிய படங்களை நம் அறிவியல் பாடநூல்களிலும் காணலாம். ஆனால் மூன்றரை ஆண்டுகள் வீண்தானே?

எங்கள் வீட்டு ஹப்பிள்

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் அண்ணன் நினைவு வரும்.

அண்ணன் பிள்ளையிலேயே நெட்டை. ஆகவே வகுப்பில் எப்போதும் கடைசி வரிசை. கரும்பலகையில் எழுதியதைத் தப்பும் தவறுமாக எழுதிக்கொண்டு வருவார். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறார் என்று அடி வாங்குவார். சோதனையில் எப்போதும் சிவப்பு மைதான். "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று எல்லாரும் சொன்னார்கள். வீட்டிலும் அதையே சொன்னோம். நானும்தான் சொன்னேன், அவர் தங்கச்சி நான், நல்லா படிக்கிற பிள்ளை என்ற திமிர் எனக்கு. படிவம் மூன்றோடு நின்றுவிட்டார். காய்கறித் தோட்டத்தில் வேலைக்குப் போனார்.

பத்தொன்பது வயதில் லைசென்ஸ் எடுக்கப் போனார். அங்கே கண் சோதனை. சுவரில் இருந்த எழுத்துகளில் மேல் வரி ஒன்றைத் தவிர எதையும் படிக்க முடியவில்லை. ஈப்போவுக்குப் போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு, மாலை பஸ்ஸில் வந்து இறங்கினார். லயத்துக்கு வராமல் ரோட்டோரத்திலேயே நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய்க் கூப்பிட்டேன்.

"தங்கச்சி, தேயிலைச் செடி எலை எலையாத் தெரியுது. நான் பச்சைப் பாய் விரிச்ச மாதிரிதான் இருக்கும்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார்.

அன்றிரவு மழை இல்லை. வாசலில் நின்று வெகுநேரம் வானத்தைப் பார்த்தார். "இவ்ளோவா இருக்கு?" என்றார். பிறகு மெதுவாக, "அப்பவே தெரிஞ்சிருந்தா?" என்று கேட்டார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை. இன்றுவரை என்னிடமும் இல்லை.

எந்தப் பள்ளியையும், எந்த ஆசிரியரையும் குறை சொல்ல இதை நான் எழுதவில்லை. ஒவ்வொரு சோதனைத் தாளும் ஐந்தாறு ஆண்டுகளாக ஒரே சேதியைச் சொல்லிக்கொண்டிருந்தது. கண்ணால் பார்த்து எழுதுவது தப்பு, காதால் கேட்டுச் சொல்வது சரி என்று அது காட்டியது. வாய்ப்பாடும் மனக்கணக்கும் அண்ணனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்தச் சேதியைப் படிக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மதிப்பெண்ணை மட்டும் பார்த்தோம்.

போய்த் திருத்த முடியாத தூரம்

ஹப்பிள் பூமிக்கு அருகில் சுற்றியதால் ஆள் போய்த் திருத்த முடிந்தது. யாருமே போக முடியாத தூரத்துக்கு அனுப்பும் கருவியை என்ன செய்வது?

இந்தியாவின் ஆதித்யா எல்-1 விண்கலம் சூரியனை ஆராய 2023 செப்டம்பர் 2ஆம் நாள் ஏவப்பட்டது. பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று அது பார்க்கிறது. அதன் முக்கியக் கருவி, சூரியனின் நடுவட்டத்தை மறைத்து, சுற்றியுள்ள மங்கலான ஒளிவளையத்தை மட்டும் படம் எடுக்கும் பெரிய கேமரா. அதைச் செய்தவர்கள் யார் தெரியுமா? நுங்கம்பாக்கத்தில் தொடங்கி, கொடைக்கானல் ஏறி, காவலூரில் கண் வைத்த அதே பரம்பரைதான். இந்திய வான் இயற்பியல் நிறுவனம். பெங்களூருக்கு அருகே ஹோஸ்கோட்டேயில், தூசி புகாத அறைகளில் அந்தக் கருவியைப் பொருத்திச் சோதித்துச் சரிபார்த்த பிறகுதான் 2023 ஜனவரி 26ஆம் நாள் விண்வெளித் துறையிடம் ஒப்படைத்தார்கள். ஆதித்யா திட்டத்தை இயக்கியவர் நிகார் ஷாஜி. தென்காசி மாவட்டம் செங்கோட்டையில் பிறந்த தமிழ்ப் பெண்மணி. விண்கலம் தன் இடத்தைச் சென்றடைந்த நாள் 2024 ஜனவரி 6. காவலூர்த் தொலைநோக்கி திறந்து வைக்கப்பட்டு அன்றோடு சரியாக 38 ஆண்டுகள்!

புரோக்கோலியைப் படம் பிடித்த கேமரா

இப்போது உலகத்திலேயே மிகப் பெரிய கேமராவுக்கு வருவோம். சிலி நாட்டில் செரோ பச்சோன் என்ற மலைமேல், கிட்டத்தட்ட 2,700 மீட்டர் உயரத்தில் வேரா ரூபின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. நம் பிரிஞ்சாங் மலை 2,000 மீட்டருக்குச் சற்று மேல்தான். அந்த ஆய்வுக்கூடத்துக்கான கேமராவை அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் கட்டினார்கள். ஒரு சிறிய கார் அளவு இருக்கும். ஏறக்குறைய 3 டன் எடை. அதன் பெரிய வில்லை ஒன்றரை மீட்டருக்கும் மேல் அகலம். நம் கைப்பேசியில் ஒரு சிறு சில்லு படத்தைப் பிடிக்கிறது அல்லவா? இதில் அப்படி 189 சில்லுகள். எல்லாம் சேர்ந்து 320 கோடி ஒளிப்புள்ளிகள். ஒரு படத்தை முழு அளவில் பார்க்க வேண்டுமானால் உயர்தரத் தொலைக்காட்சித் திரைகள் 378 வேண்டும்.

இந்தச் சில்லுகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அடுக்குவதே உயிர் போகும் வேலை. ஒன்பது ஒன்பதாகச் சேர்த்த கட்டுகளை அடுக்கும்போது, நடுவில் விட்ட இடைவெளி ஐந்து தலைமுடி அகலம்கூட இல்லை. ஒன்றோடொன்று உரசினால் விரிசல் விழும். ஒரு கட்டின் விலையோ முப்பது இலட்சம் டாலர் வரை.

அடுக்கி முடித்தாயிற்று. வில்லை இன்னும் மாட்டவில்லை. வில்லை இல்லாமல் எப்படிச் சோதிப்பது? 2020இல் அவர்கள் செய்ததைக் கேட்டால் நம் பிள்ளைகள் சிரிப்பார்கள். மைலோ டின்னில் ஆணியால் துளை போட்டு, மறுபக்கம் எண்ணெய்த் தாள் ஒட்டி, எதிரே உள்ள மரம் தலைகீழாகத் தெரிவதை வகுப்பில் செய்து பார்த்தோமே, நினைவிருக்கிறதா? அதேதான்! 0.15 மில்லிமீட்டர் ஊசித்துளை ஒன்றைப் போட்டு, அதன் வழியே ஒரு பொருளின் உருவத்தைச் சில்லுகள்மேல் விழச் செய்தார்கள். ஃபூக்கோ காலத்து ஊசித்துளை இங்கேயும் கைகொடுத்தது பாருங்கள்.

அப்படி அவர்கள் படம் எடுத்த பொருள் என்ன? நட்சத்திரம் அல்ல, நிலா அல்ல. ரோமனெஸ்கோ என்னும் ஒருவகைப் புரோக்கோலிப் பூ! பச்சை நிறத்தில், கோபுரத்துக்குள் கோபுரமாக, சுருளுக்குள் சுருளாக இருக்கும். நுணுக்கம் நிறைந்த பொருள் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சிறு சிறு மொட்டெல்லாம் தெளிவாக விழுந்தால் சில்லுகள் சரியாக இருக்கின்றன என்று பொருள். கோபிஸும் புரோக்கோலியும் வெட்டிக் கூடையில் அடுக்கி லோரியில் ஏற்றும் நம் மக்களுக்கு, உலகத்தின் பெரிய கேமரா முதன்முதலில் பார்த்தது நம் கைப்பொருளின் உறவு ஒன்றைத்தான் என்று கேட்க மகிழ்ச்சியாக இருக்காதா?

இது வேடிக்கைச் சோதனை. இத்தகைய சில்லுகளுக்கு வேறு கடுமையான சோதனைகளும் உண்டு. துளி வெளிச்சமும் இல்லாத இருட்டில் படம் எடுத்துப் பார்ப்பார்கள். எந்தப் புள்ளியாவது "இங்கே வெளிச்சம் இருக்கிறது" என்று பொய் சொல்கிறதா என்று தெரிந்துவிடும். பிறகு எல்லா இடத்திலும் ஒரே அளவு வெளிச்சம் விட்டுப் பார்ப்பார்கள். எந்தப் புள்ளி மந்தம், எந்தப் புள்ளி செத்துப் போனது என்பது தெரிந்துவிடும். அப்படிப்பட்ட புள்ளிக்காகச் சில்லையே தூக்கி எறிவதில்லை. அதன் குணத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, பின்னர் படத்தில் அதற்கேற்பத் திருத்திக்கொள்வார்கள். ஆசிரியர்களாகிய நாங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இது.

2024 ஏப்ரலில் கேமரா முழுமையடைந்தது. மலைக்கு அனுப்பும் முன்னர், அதே எடையுள்ள ஒரு மாற்றுப் பொருளை அந்த வழியே அனுப்பி, குலுக்கல் எவ்வளவு என்று அளந்து வைத்திருந்தார்கள். உண்மைக் கேமரா 2024 மே மாதம் விமானத்தில் சிலிக்குப் போய், லோரியில் மலையேறியது. போன உடனே மாட்டவில்லை. வழியில் ஏதும் ஆகியிருக்குமோ என்று மேலேயே மறுபடி சோதித்தார்கள். தொலைநோக்கியையும் சும்மா விடவில்லை. 2024 அக்டோபரில் ஒன்பதே சில்லுகள் கொண்ட ஒரு சிறு கேமராவை முதலில் மாட்டி அதைச் சோதித்தார்கள். காவலூரில் 38 சென்டிமீட்டர்க் கருவியை முதலில் வைத்தது நினைவுக்கு வருகிறதல்லவா? இத்தனைக்கும் பிறகு 2025 மார்ச்சு மாதம்தான் பெரிய கேமரா தன் இடத்தில் அமர்ந்தது.

பலன்? 2025 ஜூன் 23ஆம் நாள் முதல் படங்களை உலகுக்குக் காட்டினார்கள். சுமார் பத்து மணி நேரம் வானத்தைப் பார்த்ததிலேயே, அதுவரை யாரும் அறியாத 2,104 சிறுகோள்கள் அகப்பட்டன.

நமக்கு என்ன?

"இதெல்லாம் பெரிய ஊர்க் கதை டீச்சர், நமக்கு என்ன?" என்று கேட்பீர்கள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை நாளை இந்த மலையைவிட்டு இறங்கி இடைநிலைப் பள்ளிக்குப் போகிறான்; பிறகு வேலைக்குப் போகிறான். அங்கே போன பிறகு குறை தெரிந்தால், என் அண்ணனுக்குப் போட்டதுபோல், கண்ணாடி போடலாம். போன ஆண்டுகளைத் திருப்பித் தர முடியாது. இங்கே நம் கையில் இருக்கும் ஆறு ஆண்டுகள்தான் ஊசித்துளையும் கத்தி முனையும் வைத்துப் பார்க்கும் காலம்.

ஆகவே மூன்று வேண்டுகோள். முதலாவது, பிள்ளை புத்தகத்தைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்தாலோ, தொலைக்காட்சிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாலோ, "தள்ளிப் போ" என்று விரட்டாதீர்கள். கிளினிக்குக்குக் கூட்டிப் போய்க் கண்ணைக் காட்டுங்கள். இரண்டாவது, சோதனைத் தாள் வந்தால் மேலே உள்ள எண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் கை ஓங்காதீர்கள். உள்ளே எங்கே தப்பு, ஏன் தப்பு என்று பாருங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். தாளை எடுத்துக்கொண்டு எங்களிடம் வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். மூன்றாவது, சின்ன ஆள் சொல்வதையும் கேளுங்கள். "புரியலப்பா" என்று பிள்ளை சொன்னால் அதுவும் ஒரு சோதனையின் முடிவுதான். ஹப்பிளில் சிறிய கருவிகள் சொன்னதைக் கேட்டிருந்தால் அந்த மூன்றரை ஆண்டுகள் போயிருக்காது.

காலுறைக்குள் தாளை வைத்த பையனை மறந்துவிடவில்லை. ஓய்வு நேரத்தில் அவனைக் கூப்பிட்டு, தாளை விரித்து, இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். பத்துத் தவறுகள். அவற்றில் ஏழு ஒரே தவறு. கழித்தலில் பூச்சியத்தைத் தாண்டிக் கடன் வாங்கும் இடத்தில் மட்டும் தடுக்கி விழுந்திருக்கிறான். மீதியெல்லாம் தங்கம்! ஒரே ஒரு மேடு, அங்கே மட்டும் தேய்த்தால் போதும். நான்கு நாள் ஓய்வு நேரத்தில் அது சரியாகிவிட்டது. அவன் அப்பாவிடமும் பேசினேன். "எனக்குத் தெரியாம போச்சு டீச்சர்" என்றார். நல்ல மனிதர்.

இவ்வாண்டுப் பரிசுப் பட்டியலில் அந்தப் பையன் பெயர் இல்லை. ஆனால் போன வாரம் சோதனைத் தாள் கொடுத்தபோது அவன் அதை மடிக்கவில்லை. மேசைமேல் விரித்து வைத்து, தப்பான இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "டீச்சர், இது ஏன் தப்பு?" என்று கேட்டான்.

பரிசு பெறும் செல்வங்களுக்கு என் வாழ்த்து. அந்தக் கேள்வியைக் கேட்ட செல்வத்துக்கும் என் வாழ்த்து. வளர்க நம் பள்ளி! வாழ்க தமிழ்!